ஏவுகணைகளை எண்ணிய காலம்

சோவியத் நாடு இதழின் வழவழப்பான தாளில் பள்ளிக்கூட நோட்டுகளுக்கு அட்டை போட்டவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். கணக்கு நோட்டுக்கு ஒரு கோதுமை வயல், வரலாற்று நோட்டுக்கு ஒரு அணைக்கட்டு, அறிவியல் நோட்டுக்குக் கண்டிப்பாக ஒரு விண்வெளி வீரர் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, ஓரத்தில் பெயரும் வகுப்பும் எழுதிக்கொண்டு போன அந்த ஜூன் மாதங்களில், யார் எதற்காக இவ்வளவு நல்ல தாளை இவ்வளவு மலிவாக நம் ஊர்வரைக்கும் அனுப்புகிறார்கள் என்று நமக்குக் கேட்கத் தோன்றியதில்லை. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்படி அட்டை மடித்துக்கொண்டிருந்த பையன்தான், சில வருஷம் கழித்து டெல்லி பாரகம்பா சாலையில், சப்ரு ஹவுஸ் நூலகத்தின் நீண்ட மேசையில், இரண்டு புத்தகங்களை அருகருகே விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்று, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1981-ல் தொடங்கி வெளியிட்டுவந்த 'சோவியத் மிலிட்டரி பவர்'. மற்றது, அதற்குப் பதிலாக 1982-ல் மாஸ்கோ வெளியிட்ட 'வென்ஸ் த த்ரெட் டு பீஸ்'. இரண்டிலும் ஏவுகணைகளின் படங்கள், எண்கள், வரைபடங்கள். ஒருவர் ஆயுதத்தை இன்னொருவர் எண்ணிச் சொல்லியிருந்தார்கள். எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எது சரி என்று கண்டுபிடித்துவிட முடியும், அதற்கு வேண்டியதெல்லாம் பொறுமையும் இன்னும் கொஞ்சம் புத்தகங்களும்தான் என்று அந்தப் பையன் முழுமனதாக நம்பினான். அந்த நம்பிக்கையை இப்போது நினைத்தாலும் எனக்கு அவன்மேல் பிரியம்தான் வருகிறது.

1987 ஜூலையில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சர்வதேச ஆய்வுகள் பள்ளியில் எம்.ஏ.வுக்குச் சேர்ந்தேன். என்ன படிக்கப் போகிறான் என்று ஊரில் கேட்டவர்களிடம் உலக நாடுகளின் பாதுகாப்பைப் பற்றி என்று சொன்னபோது, எதிர்வீட்டுப் பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பட்டாளத்துக்கா தம்பி?" என்றார். அப்பா, ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், விளக்கிக்கொண்டிருக்க விரும்பாமல் "கலெக்டருக்குப் படிக்கப் போறான்" என்று முடித்துவிட்டார். டெல்லிக்குப் படிக்கப்போன அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோருமே, எந்தப் பாடம் எடுத்திருந்தாலும், ஊரைப் பொறுத்தவரை கலெக்டருக்குத்தான் படித்தார்கள். மீட்டர்கேஜ் ரயிலில் ஒரு ராத்திரி சென்னைவரைக்கும், பிறகு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் நர்மதையும் சம்பலும் கடந்து, அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு ஆக்ராவுக்கு முன்னாலேயே தீர்ந்துபோய், புதுடெல்லி நிலையத்தில் இறங்கியபோது எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தைரியம் கொடுத்தது: தினம் காலையில் எங்கள் வீட்டு வானொலியில் ஆகாசவாணிச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணஸ்வாமியும் இந்த ஊரில்தான் இருக்கிறார். அந்தக் குரல் இருக்கிற ஊர் அந்நியமாகிவிடாது என்று எண்ணிக்கொண்டேன்.

நான் சேர்ந்த அதே மாதம், 29-ம் தேதி, கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. விடுதி மெஸ்ஸில் சப்பாத்தியோடு போராடிக்கொண்டிருந்த புதுப்பையனிடம், ராமநாதபுரத்துக்காரன் என்று தெரிந்ததும், வங்காளத்திலிருந்தும் பிஹாரிலிருந்தும் வந்த சீனியர்கள் யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் 1983 ஜூலைக்குப் பிறகு ராமேசுவரத்தில் வந்து இறங்கிய படகுகளும், மண்டபம் அகதி முகாமில் என்னோடு பந்து விளையாடிய பிள்ளைகளும்தான். அதைச் சொன்னேன். அவர்கள் கவனமாகத்தான் கேட்டார்கள். ஆனால் மறுநாள் வகுப்பில் பாதுகாப்பு என்று நாங்கள் படித்தது வேறு. அதில் இரண்டு வல்லரசுகள் இருந்தன, அவற்றுக்கு நடுவே ஐரோப்பா இருந்தது, ஹான்ஸ் மார்கெந்தாவும் கென்னத் வால்ட்ஸும் இருந்தார்கள், கப்பலும் விமானமும் நீர்மூழ்கியும் ஏவுகணையும் இருந்தன. படகில் வந்த குடும்பங்களுக்கு அந்தப் பாடத்திட்டத்தில் எங்கேயும் ஓர் இடமில்லை. அது ஆசிரியர்களின் குறையன்று. உலகமெங்கும் இந்தப் பாடம் அன்றைக்கு அப்படித்தான் நடத்தப்பட்டது.

அந்த வகுப்புகளின் ருசியை எப்படிச் சொல்வது! ஆயுதக் களைவு என்பதைத் தனிப் பாடமாக எடுத்துப் படிக்கும் வாய்ப்பு நாட்டில் வெகு சில இடங்களில்தான் இருந்தது. எங்கள் பள்ளியில் மதீன் ஜுபேரி மாதிரி அணு ஆயுத வரலாற்றில் ஊறியவர்கள் கற்பித்தார்கள். 1999 ஆகஸ்டில் இந்தியாவின் அணுக் கொள்கை வரைவை வெளியிட்ட தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் அவரும் இருந்தார். அந்தக் குழுவை வழிநடத்திய கே. சுப்ரமணியம் திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்தவர். அவர் கட்டுரை நாளிதழில் வந்த அன்று, விடுதியின் ஒற்றைப் பிரதி பல கைகள் மாறி, மடிப்புகள் கிழிந்து, சாயங்காலம்தான் நம் கைக்கு வரும். அதற்குள் அதில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் சொல்லி முடித்திருப்பார்கள், ஆனாலும் படிப்போம். அவர் மகனும் இதே பள்ளியில் அணு ஆயுத ராஜதந்திரத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், வெளியுறவுத் துறையில் இருப்பவர் என்று சீனியர்கள் சொல்வார்கள். ஜெய்சங்கர் என்ற அந்தப் பெயரை அப்போது நாங்கள் சீனியர்களின் பட்டியலில் ஒரு பெயராக மட்டுமே கேட்டுக்கொண்டோம்.

இரவுச் சாப்பாடு முடிந்து மெஸ் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நடக்கும் கூட்டங்கள் தனி உலகம். ஒன்பதரை மணிக்கு யாராவது ஒரு பேராசிரியரோ, தூதராக இருந்து ஓய்வு பெற்றவரோ, பத்திரிகையாளரோ வந்து பேசுவார். பேச்சு முடியப் பதினொன்று, கேள்விகள் முடிய ஒன்று, அதற்குப் பிறகு கங்கா தாபாவில் கல்லின்மேல் உட்கார்ந்து தேநீரோடு தொடரும் சண்டை. அணு ஆயுதம் பல நாடுகளுக்குப் பரவினால் போர் குறையலாம் என்று வால்ட்ஸ் 1981-ல் எழுதிய சின்னஞ்சிறு நூலை வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்க வாதாடினோம். அது யாரிடமும் புத்தகமாக இல்லை. நான்காவது தலைமுறை ஜெராக்ஸ் பிரதி, ஓரங்களில் எழுத்து விழுங்கப்பட்டு, வாக்கியங்களின் கடைசிச் சொல்லை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஊகத்திலேயே பாதி வாதம் பிறந்தது.

காத்திருப்பதுதான் அந்தப் படிப்பின் பெரும்பகுதி. ஸ்டாக்ஹோம் அமைதி ஆராய்ச்சி நிறுவனம் 1969-லிருந்து வெளியிட்டுவரும் ஆண்டு நூல், சிப்ரி இயர்புக் என்று நாங்கள் சொல்வது, ஸ்வீடனில் வெளியாகி டெல்லி நூலகத்தின் அலமாரிக்கு வந்துசேரப் பல மாதம் ஆகும். வந்துவிட்டது என்று யாராவது சொன்னதும் பேருந்தைப் பிடித்து மண்டி ஹவுஸில் இறங்கி ஓடினால், நமக்கு முன்னால் நான்கு பேர் காத்திருப்பார்கள். வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. அட்டவணைகளை அட்டையில் கையால் எழுதிக்கொள்ள வேண்டும். சோவியத்தின் எஸ்.எஸ்.-20 எத்தனை, அமெரிக்காவின் பெர்ஷிங்-2 எத்தனை, எங்கே நிறுத்தியிருக்கிறார்கள், ஒன்றின் முனையில் எத்தனை வெடிமுனைகள். எழுத எழுத அந்த எண்கள் விரலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஹிரோஷிமாவில் விழுந்தது சுமார் 15 கிலோடன், எஸ்.எஸ்.-20 ஏவுகணை ஒவ்வொன்றும் அதைப்போலச் சுமார் பத்து மடங்கு வலுவுள்ள மூன்று வெடிமுனைகளைச் சுமக்கிறது. அச்சில் படித்தால் கடந்துபோய்விடுகிற இந்தச் செய்தியைக் கையால் எழுதும்போது, மூன்று என்று எழுதிவிட்டுப் பேனா ஒரு கணம் நிற்கும். அந்த நிற்றலுக்காகவே அந்தக் காலத்தை நான் ஏங்கி நினைக்கிறேன். பக்கத்து நாற்காலிக்காரர் என்ன படிக்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்து, அந்தப் புத்தகத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் அதைக் கேட்டு வாங்கிப் படித்து, அதனாலேயே அவரோடு சிநேகமாகிப்போன நாட்களுக்காகவும்தான்.

அந்த எண்களின் சண்டை எங்கள் கண்முன்னாலேயே ஒருநாள் முடிந்தது. 1987 டிசம்பர் 8 அன்று வாஷிங்டனில் ரீகனும் கோர்பச்சேவும் நடுத்தர தூர ஏவுகணைகளை ஒழிக்கும் ஐ.என்.எஃப். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதனோடு இணைத்திருந்த ஆவணத்தில் இரு நாடுகளும் தங்கள் ஏவுகணைகள் எத்தனை, எந்தெந்தத் தளத்தில், எந்தெந்தக் கிடங்கில் என்று தாங்களே எழுதிக் கொடுத்திருந்தன. ஆராய்ச்சியாளர்களும் உளவுத் துறையினரும் வருஷக்கணக்காக ஊகித்துக்கொண்டிருந்ததை உரியவர்களே தட்டச்சில் அடித்து நீட்டிவிட்டார்கள். 1991 ஜூனுக்குள் சோவியத் தரப்பில் 1,846, அமெரிக்கத் தரப்பில் 846, ஆக 2,692 ஏவுகணைகள் வெட்டியும் எரித்தும் வெடித்தும் அழிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் அழிக்கப்படுவதை எதிராளியின் ஆள் பக்கத்தில் நின்று பார்த்தார்.

ஆனால் எங்களை உண்மையில் தூங்கவிடாமல் பேசவைத்தது வேறொரு ஏற்பாடு. ரஷ்யாவின் வோட்கின்ஸ்க் என்ற ஊரில் ஏவுகணைத் தொழிற்சாலை இருந்தது. இசைமேதை சைக்கோவ்ஸ்கி பிறந்த ஊரும் அதுதான். அந்தத் தொழிற்சாலையின் வாசலில் முப்பது பேர்வரை அமெரிக்கப் பரிசோதகர்கள் குடியிருந்து, வெளியே போகிற ஒவ்வொரு பெரிய வண்டியையும் பார்க்கலாம். அதேபோல அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மாக்னா என்ற ஊர்த் தொழிற்சாலை வாசலில் சோவியத் பரிசோதகர்கள். 1988 ஜூலையில் தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகள், சோவியத் ஒன்றியமே மறைந்துபோன பிறகும், அவர்கள் அப்படி இருந்தார்கள். பனி கொட்டும், பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வரும், உள்ளூர்க்காரர்களோடு பழக்கமாகும், மறுநாள் காலையில் மறுபடி வாசலில் நின்று வண்டியை அளக்க வேண்டும். நாற்பது வருஷம் ஒருவரை ஒருவர் பூமியிலிருந்து துடைத்துவிடத் திட்டம் போட்டவர்கள் இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதித்தார்கள் என்பதை ஆசிரியர் வகுப்பில் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் மேலே பேசவில்லை.

1988 ஜூன் 9 அன்று ராஜீவ் காந்தி ஐ.நா. பொதுச்சபையின் சிறப்பு அமர்வில், 2010-க்குள் உலகத்தில் அணு ஆயுதமே இல்லாமல் செய்துவிட ஒரு செயல்திட்டத்தை வைத்தார். அன்று ராத்திரி தாபாவில் நாங்கள் எல்லோரும் விரல்விட்டுக் கணக்குப் போட்டோம்: 2010-ல் நமக்கு வயது நாற்பத்துச் சொச்சம் இருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள், அணுகுண்டு என்றால் என்ன என்று நாம் அவர்களுக்குக் கதை சொல்லுவோம். அடுத்த வருஷமே பெர்லின் சுவர் இடிந்தபோது அந்தக் கணக்கு நிஜமாகிக்கொண்டிருக்கிறது என்றே பட்டது. சோவியத் மற்றும் கிழக்கு ஐரோப்பிய ஆய்வு மையத்தில் படித்த நண்பர்களுக்கு ஆய்வேட்டை எழுதி முடிப்பதற்குள் நாடே கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பதற்றம்; போயே போயிற்று, 1991 டிசம்பரில். அதற்கு முந்தைய ஜனவரியில் வளைகுடாப் போர் தொடங்கியபோது அப்பா ஒவ்வொரு ராத்திரியும் பி.பி.சி. தமிழோசை கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கட்டணம் குறையும் நேரத்தில் நான் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசும்போது, எனக்குப் போர்நிலவரம் சொல்லுவார். உலகப் பாதுகாப்பு படிக்கிற பிள்ளைக்கு மண்டபத்திலிருந்து செய்தி வந்தது. சிற்றலையின் இரைச்சலுக்கு நடுவே கேட்டதாலோ என்னவோ, அவர் சொன்னது எப்போதும் சுருக்கமாகவும் சரியாகவும் இருந்தது.

அமெரிக்க அணு விஞ்ஞானிகள் இதழ் ஒன்று 1947-லிருந்து ஒரு கடிகாரத்தை வைத்திருக்கிறது. நள்ளிரவு என்றால் உலக அழிவு. 1991-ல் அவர்கள் முள்ளை நள்ளிரவுக்குப் பதினேழு நிமிடம் முன்னால் தள்ளிவைத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் அது அவ்வளவு தூரம் தள்ளிப்போனதில்லை. அந்தப் பதினேழு நிமிட ஆண்டிலேதான் மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டார். நள்ளிரவில் யாரோ கதவைத் தட்டி எழுப்பிச் சொன்னார்கள். விடுதியின் தமிழ்ப் பிள்ளைகள் ஒரே அறையில் கூடி உட்கார்ந்திருந்தோம். ஏவுகணைகளைப் பற்றி அத்தனை அட்டைகள் எழுதிவைத்திருந்த எனக்கு, எங்கள் கடற்கரைக்கு எதிர்க்கரையில் வருஷக்கணக்காக எரிந்துகொண்டிருந்ததை விளக்கும் ஓர் அட்டைகூட என் பெட்டியில் இல்லை என்று அன்றைக்கு உறைத்தது. அம்மாவின் இன்லண்டு கடிதங்கள் மட்டும் இருந்தன. நெல் விலை, தங்கையின் படிப்பு, மாட்டுக்குக் காய்ச்சல் இவற்றுக்கு நடுவில், முகாமுக்குப் புதிதாக எத்தனை குடும்பம் வந்திருக்கிறது, அதில் கைக்குழந்தை எத்தனை என்று அவள் தவறாமல் எழுதுவாள். அதுவும் ஒரு எண்ணிக்கைதான். எந்த ஆண்டு நூலிலும் நான் அதைப் பார்க்கவில்லை.

அதனால்தான் 1994-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மனித மேம்பாட்டு அறிக்கை வந்தபோது, மதுரையில் கல்லூரி ஆசிரியனாகிவிட்டிருந்த நான், அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பாகிஸ்தானின் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் முன்நின்று உருவாக்கிய அறிக்கை. பாதுகாப்பு என்பது எல்லைக்கும் அரசுக்கும் மட்டும் உரியதன்று, மனிதருக்கு உரியது. வேலை, உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், உயிர், சமூகம், அரசியல் என ஏழு வகையாக அதைப் பார்க்க வேண்டும் என்று அது சொன்னது. கைக்குழந்தையோடு படகில் வந்தவளுக்கு இந்தப் பாடத்தில் கடைசியாக ஓர் இடம் கிடைத்தது. பாதுகாப்பை இப்படி அகலமாக்கினால் பாடமே நீர்த்துப்போகும் என்று சொன்னவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை.

இப்போது என் தங்கை மகள் கிளாஸ்கோவில் உலகப் பாதுகாப்பில் முதுநிலை படிக்கிறாள். ஒரே வருஷப் படிப்பு. நாங்கள் எம்.ஏ. இரண்டு வருஷம், எம்.ஃபில். இரண்டு வருஷம் என்று ஆற அமரப் படித்ததற்கு அவளுக்கு நேரமில்லை, எம்.ஃபில். என்ற பட்டத்தையே 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. டெல்லி பேர் சராயில் தட்டச்சுக் கடைக்காரரோடு பக்கத்துக்கு இவ்வளவு என்று பேரம் பேசி, அடிக்குறிப்பு எண் மாறிப்போனதற்கு ராத்திரியெல்லாம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வெள்ளை மை பூசி, விடியும்போது அவர் வீட்டுத் தேநீரைக் குடித்துவிட்டுக் கட்டிய பிரதியோடு ஓடிய அந்தக் காலையை அவளிடம் சொன்னால், "எவ்வளவு நல்லா இருக்கு மாமா!" என்கிறாள். சும்மா சொல்லவில்லை, அவளுக்கு அது கிடைக்கவில்லையே என்ற ஆசை அந்தக் குரலில் இருக்கிறது. அவளுக்கு வேண்டிய நூல்கள் எல்லாம் படுக்கையிலிருந்தே கிடைக்கின்றன. நான் மாதக்கணக்கில் காத்திருந்த சிப்ரி புள்ளிவிவரங்களை அவள் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி கைபேசியில் எடுத்து எனக்கு அனுப்புகிறாள். அவள் பாடங்களில் இணையத் தாக்குதல் இருக்கிறது, பருவநிலை இருக்கிறது, கொள்ளைநோய் இருக்கிறது, அகதிகளும் இருக்கிறார்கள். மண்டபம் முகாமைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினாள். என் அம்மாவின் கடிதங்களைத் தங்கை பெட்டியிலிருந்து எடுத்துப் படம்பிடித்து அனுப்பியிருந்தாள். அவற்றில் இரண்டை மகள் ஆதாரமாகக் காட்டியிருக்கிறாள். அம்மா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்!

கிளாஸ்கோவிலிருந்து நாற்பது கிலோமீட்டர் போனால் ஃபாஸ்லேன். பிரிட்டனின் அணு ஆயுத நீர்மூழ்கிகள் நான்குக்கும் அதுதான் வீடு. 1969-லிருந்து ஏதாவது ஒன்று எப்போதும் கடலுக்கடியில் ரோந்தில் இருக்கிறது. வாசலுக்கு அருகே 1982-லிருந்து ஒரு அமைதி முகாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு போய்வந்தவள் அன்று ராத்திரி என்னைக் கூப்பிட்டாள். அந்தத் தளத்தில் இருக்கிற வெடிமுனைகள் எத்தனை என்று தேடியிருக்கிறாள். 2021-ல் பிரிட்டன் தன் வெடிமுனைகளின் உச்சவரம்பை 260 ஆக உயர்த்தியது. கூடவே, பயன்பாட்டுக்குத் தயாராக வைத்திருப்பவை எத்தனை என்பதை இனி வெளியிடப்போவதில்லை என்றும் அறிவித்தது. "முன்னால சொல்லிட்டிருந்தாங்க மாமா, இப்ப நிறுத்திட்டாங்க" என்றாள். அவள் குரலில் இருந்த ஏமாற்றம் எனக்குப் பழகியதுதான். அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தவனின் ஏமாற்றம்.

நான் மனப்பாடமாகப் படித்த ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஏவுகணை எதிர்ப்பு ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா 2002-ல் விலகியது. வோட்கின்ஸ்க் வாசலைத் திறந்த ஐ.என்.எஃப். 2019 ஆகஸ்ட் 2 அன்று முடிந்தது. ரஷ்யா அதை மீறியது என்று அமெரிக்கா விலகியது. இரு நாடுகளின் நெடுந்தூர அணு ஆயுதங்களுக்கு வரம்பு கட்டிய கடைசி ஒப்பந்தமான புதிய ஸ்டார்ட்டின் காலமும் 2026 பிப்ரவரியில் தீர்ந்தது. 1994-ல் புடாபெஸ்டில் வாக்குறுதி வாங்கிக்கொண்டு தன் மண்ணிலிருந்த சோவியத் அணு ஆயுதங்களை ரஷ்யாவுக்கு அனுப்பிவிட்ட உக்ரைன் என்ன நிலைமையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பதினேழு நிமிடத்தில் நின்ற கடிகாரத்தின் முள் 2025-ல் 89 விநாடிக்கு வந்தது. இத்தனைக்கும் நடுவில் நல்லதையும் சொல்ல வேண்டும்: 1986 வாக்கில் உலகத்தில் சுமார் 70,000 இருந்த வெடிமுனைகள் இன்று 12,000 அளவில்தான் இருக்கின்றன. அந்த இறக்கம் தானாக வரவில்லை. வாசலில் நின்று எண்ணியவர்களால் வந்தது.

இப்போது எண்ணுவதே நின்றுபோயிற்று என்று நான் சொன்னதைத் தங்கை மகள் மறுத்துப் பேசினாள். எண்ணுவது நிற்கவே இல்லை, இன்னும் வசதியாகிவிட்டது என்பது அவள் கட்சி. 2021-ல் சீனாவின் கான்சு மாகாணத்தில் யூமென் அருகே பாலைவனத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஏவுகணைக் குழிகள் தோண்டப்படுவது தெரியவந்தது எந்த உளவு நிறுவனமும் வெளியிட்ட தகவலால் அல்ல. கலிஃபோர்னியாவில் ஒரு பேராசிரியரும் ஓர் இளம் ஆய்வாளரும் காசுக்குக் கிடைக்கும் செயற்கைக்கோள் படங்களைச் சலித்துக் கண்டுபிடித்தார்கள். அவள் வயதுக்காரர்கள் இப்போது மடிக்கணினியில் குழிகளை எண்ணுகிறார்கள். அந்தப் படங்களை எனக்கும் அனுப்பினாள்: மணலில் வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள். நாங்கள் சப்ரு ஹவுஸில் கனவிலும் நினைத்திராத காட்சி. அந்தத் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் அவளிடம் கேட்டேன்: மொட்டை மாடியில் நின்று பக்கத்து வீட்டுக் கொல்லையைப் பார்ப்பதும், அந்த வீட்டுக்காரரே வாங்க என்று கூப்பிட்டு உள்ளே கொண்டுபோய்க் காட்டுவதும் ஒன்றா? வானத்திலிருந்து எண்ணினால் எத்தனை என்று தெரியும். வாசலில் நின்று எண்ணினால், எண்ண விட்டவருக்குச் சண்டையில் விருப்பமில்லை என்பதும் சேர்ந்து தெரியும். 1988-ல் எங்களுக்குக் கிடைத்தது அந்த இரண்டாவது அறிவு. மாணவர்களிடம் இன்று முதலாவது மலைபோலக் குவிந்திருக்கிறது. இரண்டாவதை அவர்களுக்குக் கொடுக்க வேண்டியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இது எனக்கு வேதனையாகவே இருக்கிறது. பாடத்திட்டத்தை எழுதுகிறவர்கள் வோட்கின்ஸ்கின் அந்தப் பதின்மூன்று வருஷத்தை வரலாற்றுக் குறிப்பாகச் சுருக்கிவிடாமல், ஒரு பருவம் முழுக்கப் பாடமாக வைக்க வேண்டும். வைத்தால்தான், கதவு மறுபடி திறக்கிற நாளில் வாசலில் போய் நிற்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

அவள் சில நாள் பேசவில்லை. பிறகு ஒரு காலையில், அங்கே விடியுமுன்னே, கூப்பிட்டாள். சாத்தாத கதவு ஒன்று இருக்கிறது என்றாள். 1988 டிசம்பர் 31 அன்று இஸ்லாமாபாத்தில் ராஜீவ் காந்தி, பெனசீர் பூட்டோ முன்னிலையில் கையெழுத்தான ஒப்பந்தம்: இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றின் அணு நிலையங்களை மற்றது தாக்காது, அந்த நிலையங்களின் பட்டியலை ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் மாற்றிக்கொள்ளும். 1992-ல் முதல் பட்டியல் கைமாறியது. கார்கில் போருக்குப் பின் வந்த ஜனவரியிலும் கைமாறியது, பாலகோட்டுக்குப் பின் வந்த ஜனவரியிலும் கைமாறியது. நான் எம்.ஏ. முதல் வருஷம் முடித்து இரண்டாம் வருஷத்தில் இருந்தபோது நடந்த ஒப்பந்தம். எங்கள் தாபாப் பேச்சில் அது ஒரு மாலைக்குமேல் தாங்கவில்லை. பெரிய வல்லரசுகளின் ஆயிரங்களுக்கு முன்னால் அது சின்ன விஷயமாக இருந்தது.

அவள் அதோடு நிறுத்தவில்லை. 2008-ல் செய்த இன்னொரு உடன்பாட்டின்படி, அதே ஜனவரி முதல் தேதியும் பிறகு ஜூலை முதல் தேதியும், இரு நாடுகளும் தத்தம் சிறைகளில் இருக்கும் எதிர்நாட்டுக் கைதிகளின் பட்டியலையும் மாற்றிக்கொள்கின்றன. மீனவர்கள் எத்தனை பேர் என்று அதில் தனியாக இருக்கும். எல்லை தெரியாமல் கடலில் பிடிபடுகிற மீனவர் என்றால் யார், அவர் வீட்டில் என்ன நடக்கும் என்று மண்டபத்துப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் அது இலங்கைச் சிறை, குஜராத் பக்கத்தில் அது கராச்சிச் சிறை. அணு நிலையப் பட்டியலும் மீனவர் பட்டியலும் ஒரே நாளில் கைமாறுகின்றன. ஆய்வேட்டில் இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் வைக்கப்போவதாகச் சொன்னாள். வழிகாட்டும் பேராசிரியர், இவை வெவ்வேறு பாடப்பிரிவு ஆயிற்றே, எப்படிச் சேர்க்கிறாய் என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்ன, ஆத்தா?"

"ஒரே நாள்ல, அதே ரெண்டு அரசாங்கம், என்கிட்ட இவ்வளவு இருக்குன்னு இன்னொருத்தர்கிட்ட எழுதிக் குடுக்குதுன்னு சொன்னேன். யோசிச்சிட்டு, எழுதிக் கொண்டா பாக்கலாம்னார்."

ஆகஸ்டில் சமர்ப்பிக்க வேண்டும். 1992 ஜனவரி முதல் பட்டியல் கைமாறிய செய்தியை அந்த வாரத்துத் தமிழ் நாளிதழ்கள் எப்படி வெளியிட்டன என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம்; அது மட்டும் இணையத்தில் கிடைக்கவில்லை. நான் வேலைபார்த்த கல்லூரியின் நூலகத்தில் அந்த ஆண்டுத் தொகுதிகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை போகிறேன். கைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்கிறாள். அனுப்புவேன், அதற்கு முன்னால் கையாலும் ஒரு பிரதி எழுதிக்கொள்வதாக இருக்கிறேன்.